லைட் ஜெட் ஏர் ஆம்புலன்ஸ் சந்தா: குளுவாங் வட்டாரத்துக்குத் தேவையா?

நலநிதி_செயலாளர்

வணக்கம். நம்ம ஜொகூர் குளுவாங் வட்டாரத் தோட்டங்களோட நலநிதிக் குழுவுக்கு ஒரு ஏர் ஆம்புலன்ஸ் சந்தாத் திட்டம் வந்திருக்கு. சின்ன ஜெட்டுல நோயாளிய ஏத்துற மாதிரி படம் போட்ட நோட்டீஸ், குடும்பத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு கட்டணம். குழுவுல பாதிப் பேர் சேந்துடலாம்ங்கிறாங்க. மீதிப் பேர், ரோட்டுல போனாலே கோலாலம்பூர் மூணு மணி நேரந்தானேங்கிறாங்க.

எங்க முன்னால மூணு வகை கேஸ் இருக்கு. ஒண்ணு, இங்க நெஞ்சுவலி, பக்கவாதம் வந்து கோலாலம்பூருக்கு மாத்துறது. ரெண்டு, நம்ம பிள்ளைங்க சபாவுல லஹாட் டத்து, தாவாவ் பக்கம் செம்பனைத் தோட்டங்கள்ல அசிஸ்டெண்டாவும் கிராணியாவும் (கணக்கெழுதுறவங்க) இருக்காங்க, அங்க அடிபட்டா என்ன பண்றது. மூணு, கோயில் குளம்னு தமிழ்நாடு போற பெரியவங்க திருச்சி, மதுரையில படுத்துட்டா. இதுல ஜெட் எதுக்கு உதவும், எதுக்கு உதவாது? விளம்பரம் வேணாம், கணக்கு வேணும்.

ரெங்கம்_எச்ஏ

முதல் கேஸ முதல்ல முடிச்சுடுவோம். பறக்குற நேரத்த மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். கட்டில்ல இருந்து எடுத்து அடுத்த கட்டில்ல படுக்க வைக்கிற வரைக்கும் எவ்வளவுன்னு பாக்கணும்.

குளுவாங் ஆஸ்பத்திரியில இருந்து செனாய் விமான நிலையம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஏத்த அரை மணி. செனாய்ல இருந்து கோலாலம்பூர் பக்கத்து சுபாங் விமான நிலையம், தரையில ஓடுற நேரமும் சேத்து 50 நிமிஷம். இறக்க 20. சுபாங்ல இருந்து தேசிய இருதய மையத்துக்கு டிராஃபிக்கப் பொறுத்து 40. மொத்தம் 3 மணி 20 நிமிஷம். அதுவும் ஜெட் முன்கூட்டியே செனாய்க்கு வந்து கதவத் திறந்து வெச்சிருந்தாத்தான். சுபாங்ல இருந்து வரணும்னா டாக்டர், நர்ஸ், பைலட் எல்லாரும் கூடி, ஃப்ளைட் பிளான் போட்டு, இங்க வந்து சேர இன்னும் ரெண்டு மூணு மணி ஆகும். ஆயர் ஈத்தாம்ல ஹைவே பிடிச்சா அதே ஆஸ்பத்திரிக்கு மூணு, மூணரை மணி.

அதுக்கும் மேல ஒண்ணு சொல்றேன். ரத்தக்குழாய் முழுசா அடைச்ச மாரடைப்புக்கு உயிரக் காப்பாத்துறது விமானம் இல்ல, கட்டிய கரைக்கிற ஊசி. அத இங்கயே போடுறாங்க. போட்டுட்டு 3 மணியில இருந்து 24 மணிக்குள்ள ஆஞ்சியோ (ரத்தக்குழாய் அடைப்பப் பாத்துத் திறக்குற) வசதி உள்ள இடத்துக்கு மாத்துனா போதும். அந்த வசதி ஜொகூர் பாருவுல சுல்தானா அமினாவுலயே இருக்கு, நம்ம ஊர்ல இருந்து 110 கிலோமீட்டர். பக்கவாத ஊசிக்கு நாலரை மணி நேரந்தான் கெடு. ஜெட்டுக்கு போன் அடிச்சுட்டு உக்காந்தா அந்த நேரம் போயிடும். 999 அடிங்க, வேற யோசன வேணாம்.

பலோ_பையன்

ஊருக்குள்ளயே ராணுவ விமானத்தளம் இருக்கே அண்ணே? ஏன் செனாய் வரைக்கும் ஓடணும்? பிசி-24ன்னு ஒரு ஜெட், மண் ஓடுதளத்துலகூட இறங்குதாம். ஆஸ்திரேலியாவுல பறக்கும் டாக்டர் சேவையில 2018லேர்ந்து ஓட்டுறாங்க. தோட்டத்துல மருந்து அடிக்கிற விமானத்துக்குப் போட்ட புல் ஓடுதளமே போதும்போல.

டிஸ்பாட்ச்_சுபாங்

தம்பி, பிசி-24 பத்தி நீங்க சொன்னது சரிதான். பின்னால 1.25 மீட்டர் அகலம், 1.30 மீட்டர் உயரத்துல சரக்குக் கதவு வேற இருக்கு, ஸ்ட்ரெச்சர் படுத்தவாக்குல நேரா உள்ள போகும். ஆனா ரெண்டு விஷயம் இடிக்குது.

குளுவாங் தளம் ராணுவத்தோடது. தனியார் விமானம் முன் அனுமதி இல்லாம இறங்க முடியாது. அந்த அனுமதிய நடுராத்திரியில ஒரு போன்ல வாங்கிட முடியாது.

அடுத்தது, கட்டணம் வாங்கி ஆள் ஏத்துற ஜெட்டுக்கு ஓடுதளக் கணக்கே வேற. இறங்கி நிக்கத் தேவையான தூரம், இருக்குற ஓடுதளத்துல 60 சதவீதத்துக்குள்ள அடங்கணும். விமானத்தோட கையேட்டுல 800 மீட்டர்னு இருந்தா 800ஐ 0.6ஆல வகுங்க, 1,333 மீட்டர் வரும். ஓடுதளம் ஈரமா இருந்தா அதுல இன்னும் 15 சதவீதம், 1,533 மீட்டர். ஜொகூர்ல சாயங்காலம் எந்த ஓடுதளம் காஞ்சு கெடக்கு? புல் ஓடுதளம்னா பிரேக் பிடிக்கிற கணக்கு இன்னும் மோசம், இன்சூரன்ஸ்காரனும் ஒத்துக்க மாட்டான். ஆஸ்திரேலியாவுல அந்த மண் ஓடுதளங்கள அளந்து, பராமரிச்சு வெச்சிருக்காங்க. மருந்து அடிக்கிற விமானம் இறங்குற இடத்துல எல்லாம் ஜெட் இறங்கிடாது.

மயக்கவியல்

சபா, தமிழ்நாடு கேஸ்களுக்குப் போகுமுன் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சந்தா நோட்டீஸ்களில் இது இருப்பதில்லை.

ஜெட் 40,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி மலைமேல் இருப்பது போல வைக்கப்படும். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம், அங்கே 565தான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனால் அழுத்தம் குறைவதால் கீழே 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். திடமான ஆளுக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90, 93 சதவீதத்துக்கு இறங்கும். தரையில் 40 சதவீத ஆக்சிஜனில் சமாளிக்கும் நோயாளிக்கு மேலே 54 சதவீதம் தேவை (40 × 760 ÷ 565). தரையில் 80 சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பவருக்குக் கணக்கு 100ஐத் தாண்டிவிடும். அவரைச் சாதாரண உயரத்தில் கொண்டுபோக முடியாது.

இரண்டாவது, அடைபட்ட காற்று. 8,000 அடியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்திருந்தால் நெஞ்சுக் குழாய் போடாமல் ஏற்றவே கூடாது. மண்டையைத் திறந்து அறுவை செய்து உள்ளே காற்று தங்கியவர், குடல் அடைப்பு உள்ளவர், கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டவர் ஆகியோரும் இதே பட்டியலில்தான். ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழே இருந்தால் முதலில் ரத்தம் ஏற்றுவோம்.

மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் கஃப் பலூனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தரையில் 25 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் சரியாக இருந்தது, மேலே போனதும் இறுகிச் சளிச்சவ்வை நசுக்கும். காற்றை எடுத்தீர்களானால், இறங்கும்போது தளர்ந்து கசியும். அழுத்தமானி வைத்து ஏறும்போதும் இறங்கும்போதும் பார்த்து, 20க்கும் 30க்கும் நடுவில் நிறுத்த வேண்டும். காற்றால் ஊதும் ஸ்ப்ளிண்ட் (உடைந்த கை, காலை அசையாமல் பிடிக்கும் உறை) மேலே போனால் இறுகும். வேக்குவம் மெத்தை நேர்மாறாகத் தளரும். 48 மணி நேரத்துக்குள் போட்ட மாவுக்கட்டை இருபுறமும் பிளந்துவிட்டுத்தான் ஏற்றுவது. நெஞ்சுக் குழாயின் தண்ணீர் பாட்டில் சாய்ந்தால் கதை முடிந்தது, அதனால் ஒருவழி வால்வு மாட்டுவோம்.

பலோ_பையன்

அப்ப தாழப் பறந்தா ஆச்சு, இல்லையா டாக்டர்?

மயக்கவியல்

பறக்கலாம், செய்கிறோம். எவ்வளவு தாழ என்பது விமானத்தின் அழுத்தத் தாங்குதிறனைப் பொறுத்தது. சைட்டேஷன் சிஜே3 என்ற லைட் ஜெட் ஏறக்குறைய 23,000 அடி வரைக்கும் உள்ளே கடல் மட்ட அழுத்தத்தை வைத்திருக்கும். கிங் ஏர் 200 மாதிரி டர்போபிராப்புக்கு (புரொப்பெல்லர் சுழலும் விமானம்) அது 15,000 அடி. நோயாளிக்காக ஜெட்டைத் தேர்ந்தெடுக்க இதுதான் நல்ல காரணம், வேகமெல்லாம் அதற்குப் பிறகு.

டிஸ்பாட்ச்_சுபாங்

டாக்டர் சொன்னதுக்கு ஒரு விலை இருக்கு. ஜெட் இன்ஜின் தாழப் பறந்தா எரிபொருளைக் குடிச்சுத் தள்ளும், போற தூரம் சுருங்கும். இன்னொண்ணு, நம்ம பக்கம் 22,000 அடிங்கிறது இடிமேகத்தோட நடு வயிறு. 40,000ல மேல தாண்டிப் போறத அங்க சுத்தி வளைச்சுப் போகணும். அதனால கடல் மட்ட அழுத்தம் வேணும்னு டாக்டர் முன்கூட்டியே சொல்லணும். விமானம் கிளம்புறப்ப சொன்னா எரிபொருள் கணக்கு மொத்தமா மாறிடும்.

ஐசியு_சிஸ்டர்

ஆக்சிஜன் கணக்க யாராவது போடுவீங்கன்னு பாத்தேன். நானே போட்டுடறேன்.

ஈ சைஸ் சிலிண்டர் நிறைஞ்சா 680 லிட்டர். கேஜ் பாதியில நின்னா பாதிதான் இருக்குன்னு அர்த்தம், 'இன்னும் இருக்கு'ன்னு நெனச்சு ஏத்திடக்கூடாது. கணக்கு சுலபம்: நிமிஷத்துக்கு எத்தன லிட்டர், எத்தன நிமிஷம், பெருக்கி ரெண்டு மடங்கு வெச்சுக்கணும். ரெண்டு மடங்கு எதுக்குன்னா, விமானம் வட்டமடிக்கலாம், வேற இடத்துல இறங்கலாம், அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் லேட்டா வரலாம்.

திருச்சி கேஸ் எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரியில இருந்து விமான நிலையம் 30 நிமிஷம், இமிகிரேஷன், ஏத்துறது 60, பறக்க 210, சுபாங்ல இறக்க 30, ரோட்டுல 45. மொத்தம் 375 நிமிஷம். மூக்குக் குழாயில நிமிஷத்துக்கு 4 லிட்டர்னா 1,500, ரெண்டு மடங்கு 3,000 லிட்டர். இது சமாளிக்கிற அளவுதான்.

வெண்டிலேட்டர் கேஸ்ல ஒரு மூச்சுக்கு 450 மில்லி, நிமிஷத்துக்கு 16 மூச்சு, மொத்தம் 7.2 லிட்டர். தரையில 60 சதவீதம் வாங்குற ஆளுக்கு 8,000 அடியில 80 தேவைப்படும். மிஷின் தானா விடுற காத்து, கசிவு எல்லாம் சேத்து நிமிஷத்துக்கு 9 லிட்டர்னு வெச்சா 375 நிமிஷத்துக்கு 3,375. ரெண்டு மடங்கு 6,750 லிட்டர். ஈ சிலிண்டர்ல பத்து! லைட் ஜெட்டுல அத எங்க வைக்கிறது? அதான் ஸ்ட்ரெச்சருக்கு அடியில பெரிய சிலிண்டர் உள்ள தளம் வர்றது, அதுவும் வகைக்கு வகை வேறுபடும். எத்தன லிட்டர்னு கம்பெனிக்காரங்கள எழுத்துல கேளுங்க.

மூக்கு வழியா வேகமா ஊதுற ஹை ஃப்ளோ மிஷின்ல இருக்குறவங்கள அப்படியே ஏத்த முடியாது. நிமிஷத்துக்கு 50 லிட்டர், 60 சதவீதம்னா சுத்த ஆக்சிஜன் மட்டும் ஏறக்குறைய 25 லிட்டர் போகும். 375 நிமிஷத்துல 9,000 லிட்டர தாண்டிடும், ரெண்டு மடங்கு போடாமலேயே. முன்கூட்டியே வேற முறைக்கு மாத்திப் பாத்து, தாங்குறாங்களான்னு சில மணி நேரம் வார்டுலயே கவனிச்சுட்டுத்தான் முடிவு.

ஆம்புலன்ஸ்ல இருக்குற சிலிண்டர அப்படியே விமானத்துக்குள்ள தூக்கிட்டுப் போக முடியாதுங்கிறதும் நிறைய பேருக்குத் தெரியாது. விமானத்துக்கு ஒப்புதல் உள்ள சிலிண்டர், அதப் பொருத்துற ஒப்புதல் உள்ள சட்டம், இதுதான் செல்லும்.

ஏப்ரன்_அண்ணன்

ஏத்துறதப் பத்தி நானும் சொல்றேன். எல்லாரும் அரை மணின்னு எழுதுறாங்க, அந்த அரை மணியிலதான் பாதிக் குழப்பம்.

சிஜே வகை ஜெட்டுக்கு கதவு அகலம் ரெண்டடி, 60 சென்டிமீட்டர்தான். உள்ள உயரம் 1.45 மீட்டர், யாரும் நிமிந்து நிக்க முடியாது. பழைய லியர்ஜெட் 35ல 1.32தான். கட்டிலோட தள்ளிட்டுப் போற வேலையெல்லாம் இல்ல. ஆம்புலன்ஸ் கட்டில்ல இருந்து மெல்லிசான பலகைக்கு மாத்தி, பட்டை கட்டி, சாய்வுப் பாதையில உருட்டி மேல ஏத்தி, கதவுல நுழைஞ்ச உடனே தொண்ணூறு டிகிரி திருப்பணும். அந்தத் திருப்பத்துலதான் எல்லாம் கழண்டு வரும்: மூச்சு டியூப், கழுத்து லைன், மூத்திரப் பை. அதனால தலைப் பக்கம் ஒருத்தர் டியூப கையால பிடிச்சுட்டே வருவார், அவர் சொல்றப்பதான் மத்தவங்க நகர்த்துவாங்க. கத்தறதுக்கு ஒரே ஆள். நாலு பேர் நாலு பக்கம் 'தூக்கு, தூக்கு'ன்னா முடிஞ்சது. லைன் எல்லாத்தையும் ஒரே பக்கம், கதவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுக்கிக் கட்டிட்டு வந்தா பத்து நிமிஷத்துல வேல முடிஞ்சுடும்.

நோயாளியோட எடை மட்டும் சொன்னா பத்தாது, தோள் அகலத்தையும் இடுப்பையும் அளந்து சொல்லுங்க. 120 கிலோ ஆள் கதவுல மாட்டுனா அப்புறம் வேற விமானந்தான்.

வெயில். லைட் ஜெட்டுல பெரும்பாலும் தனியா துணை இன்ஜின் கிடையாது. இன்ஜின நிறுத்திட்டா ஏர்கான் இல்ல. மத்தியானம் செனாய்ல கதவத் திறந்து வெச்சா உள்ள அடுப்பு. ஜிபியு வண்டியும் (தரையில நின்னு விமானத்துக்கு மின்சாரம் குடுக்குறது) முடிஞ்சா குளிர்க்காத்து வண்டியும் முன்னாலயே புக் பண்ணணும். இடி எச்சரிக்கை வந்துட்டா ஏப்ரன்ல (விமானம் நிக்கிற தளம்) யாரும் நிக்கக்கூடாது, எரிபொருள் நிரப்புறதும் நின்னுடும். நம்ம ஊர்ல மூணு மணிக்கு மேல அது வழக்கம். காலையில புறப்பட ஏற்பாடு பண்றதுதான் புத்தி.

மயக்கவியல்

அண்ணன் சொன்ன திருப்பத்தோடு ஒன்று. தலையில் அடிபட்டவருக்குத் தலை விமானத்தின் மூக்குப் பக்கம் இருக்கட்டும். புறப்படும் வேகத்தில் ரத்தம் வால் பக்கம் தள்ளப்படும், தலை அங்கே இருந்தால் மூளையழுத்தம் ஏறும். இறங்கிப் பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாகும். ஆனால் செனாய், சுபாங் இரண்டிலும் ஓடுதளம் ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர். முழுவதும் ஓடவிட்டு மெதுவாக நிறுத்துங்கள் என்று பைலட்டிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

பறக்கும்போது ஸ்டெதாஸ்கோப் பயன்படாது, இரைச்சலில் எதுவும் கேட்காது. வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடின் அலைவடிவம் மானிட்டரில் தெரிய வேண்டும். அது இல்லாமல் வெண்டிலேட்டர் நோயாளியை ஏற்றும் குழுவை நான் நம்ப மாட்டேன். சொட்டு எண்ணிப் போடும் டிரிப்பும் வேண்டாம், உயரம் மாறினால் வேகம் மாறும். இதய மருந்துகள் சிரிஞ்ச் பம்பில் மட்டும்.

நலநிதி_செயலாளர்

நன்றி டாக்டர், சிஸ்டர், அண்ணே. சபாவுக்கு வருவோமா? லஹாட் டத்து பக்கம் ஒரு பையன் டிராக்டர் கவுந்து இடுப்பெலும்பு உடைஞ்சான்னு வைங்க. கோலாலம்பூர் கொண்டு வரணும்னா ஜெட்தானே?

டிஸ்பாட்ச்_சுபாங்

கணக்குப் பாப்போம். தாவாவ்ல இருந்து சுபாங் ஏறக்குறைய 995 கடல் மைல். ஜெட் 400 நாட் (மணிக்கு 400 கடல் மைல்) வேகத்துல ரெண்டரை மணி. கிங் ஏர் 270 நாட்ல 3 மணி 40 நிமிஷம். காகிதத்துல ஜெட்தான் ஜெயிக்குது. ஆனா லஹாட் டத்துல இருந்து தாவாவ் 150 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேர ரோடு. ஒடஞ்ச இடுப்போட அந்த ரோட்டுல! லஹாட் டத்துலயே டர்போபிராப் வழக்கமா இறங்குற ஓடுதளம் இருக்கு. கிங் ஏர் அங்கயே வந்து ஏத்துனா பறக்குறது 3 மணி 45 நிமிஷம், வழியில எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தா கூட ஒரு அரை மணி. ஜெட்டுல ரோடும் சேத்து அஞ்சு மணி. மெதுவா போற விமானம் முன்னால வந்து சேருது. ஜெட்டா டர்போபிராப்பாங்கிறத நோட்டீஸ் முடிவு பண்ணக்கூடாது, கேஸ் முடிவு பண்ணணும். ஜெட் மட்டும் வெச்சிருக்குற கம்பெனி எல்லாத்துக்கும் ஜெட்தான் சொல்லும்.

செனாய்–சுபாங் மாதிரி 160 கடல் மைலுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் பத்துப் பதினஞ்சு நிமிஷந்தான்.

ரெங்கம்_எச்ஏ

அதுக்கு முன்னால, ஏன் கோலாலம்பூர்? ரத்தம் போய்க்கிட்டு இருக்குற இடுப்பெலும்பு கேஸ கடலத் தாண்டித் தூக்கிட்டு வரக்கூடாது. முதல்ல தாவாவ், இல்ல கோத்தா கினபாலு. இருதயத்துக்கு அங்க குயின் எலிசபெத் 2, மூளை அறுவைக்குக் குயின் எலிசபெத். ரத்தத்த நிறுத்தி, எலும்ப நிறுத்தி, நெலம சீரானப்புறம் குடும்பம் பக்கத்துல இருக்கணும்னு மாத்துறது வேற பயணம். அதுக்கு அவசரமும் கெடையாது, ஜெட்டும் அவசியம் இல்ல.

வேல நேரத்துல நடந்ததுன்னா தோட்டத்து டிஸ்பென்சரி பதிவு, விபத்து அறிக்கை அன்னைக்கே போகணும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பேப்பர் ஓடாம நின்னா பின்னால பணம் நிக்கும்.

ஐசியு_சிஸ்டர்

நெலம சீரான ஆளுக்கு சாதாரண விமானத்துலயே ஸ்ட்ரெச்சர் போட்டுத் தர்ற வழி இருக்கு. எகானமி சீட்டு ஆறு மடக்கி மேல ஸ்ட்ரெச்சர், திரை, கூட ஒரு நர்ஸ். மெடிஃப் ஃபாரம் (நோயாளி பறக்கலாமான்னு விமானக் கம்பெனி கேக்குற படிவம்) டாக்டர் நிரப்பித் தரணும், ரெண்டு மூணு நாள் முன்னாலயே சொல்லணும். செலவு ஜெட்டு பக்கத்துலகூட வராது. ஆனா வெண்டிலேட்டர், நிலையில்லாத ரத்த அழுத்தம், தொத்து நோய்னா ஏத்திக்க மாட்டாங்க.

டிஸ்பாட்ச்_சுபாங்

மூணாவது கேஸ், திருச்சி. இதுலதான் ஜெட்டுக்கு நிஜமான வேல இருக்கு. திருச்சி, சென்னை ரெண்டுமே சுபாங்ல இருந்து ஏறக்குறைய 1,400 கடல் மைல். ஆனா 'லைட் ஜெட்'னு சொல்லி எத அனுப்புறாங்கன்னு பாருங்க. சைட்டேஷன் மஸ்டாங், ஃபீனம் 100 மாதிரி ரொம்பச் சின்னதுங்களோட தூரம் 1,200 கடல் மைலுக்குள்ளதான். வங்காள விரிகுடாவ ஒரே தாவுல தாண்டாது. நடுவுல போர்ட் பிளேர் இருக்கேன்னு சொல்வாங்க, அது இந்தியக் கடற்படைத் தளம், நெனச்சப்ப இறங்க முடியாது. சிஜே3, லியர்ஜெட் 35, பிசி-24 இந்த அளவுல இருந்தா நேரா வரும். டாக்டர் கேக்குற கடல் மட்ட அழுத்தத்தோட நேரா வருமான்னா, விமானத்துக்கு விமானம் கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்னிந்தியாவுக்கு மேல ரொம்ப உயரத்துல கிழக்குல இருந்து பலமான காத்து அடிக்கும். திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து. ஆடி மாசத்துக் கோட்டேஷனும் தைப்பூச சமயத்துக் கோட்டேஷனும் ஒரே பறக்கும் நேரம் காட்டுனா யாரோ கணக்கே போடலன்னு அர்த்தம்.

பைலட் டியூட்டி நேரம்: போக நாலு மணி, தரையில மூணு, வர மூணரை, முன்னேற்பாடு ஒண்ணு. பதினொண்ணரை மணி ஆயிடுது, ரெண்டு பைலட்டுக்கு வரம்ப ஒட்டிடும். ஆஸ்பத்திரியில பில் கட்ட, டிஸ்சார்ஜ் எழுத ரெண்டு மணி இழுத்தா டியூட்டி முடிஞ்சிடும், விமானம் அங்கயே ராத்தங்கும். நடைமுறையில மிஷன் கெட்டுப் போறது இந்த பில் கவுண்டர்லதான், இன்ஜின்ல இல்ல. முந்தின நாளே கணக்க முடிச்சு ரசீது வாங்கிடுங்க.

ஐசியு_சிஸ்டர்

பேப்பர் விஷயமும் சேத்துக்குங்க. நோயாளி பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கர்ல கெடந்து விமானம் காத்துக் கெடக்குறது சாதாரணம். இங்க வாங்கிக்கிற டாக்டர் பேரும் கட்டில் நம்பரும் எழுத்துல இருக்கணும், 'வாங்க பாத்துக்கலாம்'ங்கிற போன் பேச்சு கணக்குல சேராது. கட்டில் இல்லாம சுபாங் வந்தா எமர்ஜென்சி வராந்தாவுல ட்ராலியிலதான். ஸ்கேன் சிடி, ரத்த வகை, கடைசி டோஸ் எத்தன மணிக்குங்கிற தாள் வேணும். மார்ஃபின், கெட்டமின் மாதிரி கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு எண்ணிக்கைப் பட்டியல்.

கூட வர்றவங்க ஒருத்தர். ஒரு சின்னப் பை. புடவப் பொட்டி, பழனி பஞ்சாமிர்தம், பாத்திரம் எல்லாம் சாதாரண விமானத்துல பின்னால வரட்டும்.

பாலிசி_பார்

இப்ப சந்தா. மூணு வகைய வெச்சே அந்த ஒப்பந்தத்தப் படிங்க.

'போதிய வசதியுள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வோம்'னு இருந்தா திருச்சியில விழுந்த பாட்டிய அங்கயே வேற ஆஸ்பத்திரிக்கோ சென்னைக்கோ கொண்டு போனாலே அவங்க கடமை முடிஞ்சுது. வீட்டுக்குக் கொண்டு வர்றதுக்குத் தனி உட்பிரிவு இருக்கணும், அதுக்குத் தனி வரம்பும் போட்டிருப்பாங்க. யார் முடிவு பண்றதுன்னும் பாருங்க. 'எங்கள் மருத்துவ ஆலோசகர் அவசியம் என்று கருதினால்'னு இருந்தா உங்க டாக்டர் சொல்றது ஆலோசனை மட்டுந்தான்.

வயசு வரம்பு எழுவதா எழுவத்தஞ்சா? கோயிலுக்குப் போறவங்க பாதிப் பேர் அதத் தாண்டினவங்க. சர்க்கரை, ரத்த அழுத்தம், டயாலிசிஸ் இதெல்லாம் 'முன்பே இருந்த நோய்'னு தள்ளிட்டா நம்ம தோட்டத்துல மிச்சம் யாரு இருக்கா?

அப்புறம் சொந்த விமானமா, வாடகைக்குப் பிடிச்சுத் தர்ற தரகரா? தரகர்னா தப்பில்ல, ஆனா பறக்குற கம்பெனிக்கு மலேசிய சிவில் விமான ஆணையத்தோட ஏஓசி (விமானம் இயக்குறதுக்கான சான்றிதழ்) இருக்கணும், வெளிநாட்டுக் கம்பெனின்னா அவங்க நாட்டுது. நம்பரக் கேளுங்க. ஸ்ட்ரெச்சர் தளம் அந்த விமான வகைக்கு ஒப்புதல் வாங்கிப் பொருத்தினதான்னும் கேளுங்க. சீட்டக் கழட்டிட்டு மெத்தைய விரிச்சா அது ஏர் ஆம்புலன்ஸ் இல்ல.

சந்தா இல்லாம அப்பப்ப எடுக்குறதா இருந்தா கோட்டேஷன்ல காலியா வர்ற பயணம், இறங்கும் கட்டணம், நேரம் தாண்டி விமான நிலையம் திறக்குற கட்டணம், ரெண்டு பக்க ரோட்டு ஆம்புலன்ஸ், ராத்தங்கல், நோயாளி நெலம மாறி ரத்தானா எவ்வளவு திரும்பும், எல்லாம் வரி வரியா வேணும். தமிழ்நாட்டுத் தூரத்துக்கு ஆறு இலக்க ரிங்கிட் தொடும். மூணு இடத்துல வாங்கினாத்தான் எதுல என்ன ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரியும்.

பலோ_பையன்

அப்ப எல்லா குடும்பத்துக்கும் சந்தா கட்டாம, ஊருக்குப் போறவங்களுக்கு மட்டும் அந்தப் பயணத்துக்குப் பிரயாண இன்சூரன்ஸ் போட்டா பத்தாதா?

பாலிசி_பார்

பத்தும், பெரும்பாலும். வீடு திரும்பும் மருத்துவப் பயணச் செலவுக்குத் தனி வரம்பு இருக்குற பாலிசியா எடுங்க, டிக்கெட் எடுத்த அன்னைக்கே. அவசர நம்பர போற ஆள்கிட்டயும் இங்க இருக்குற பிள்ளைகிட்டயும் ரெண்டு பேர்கிட்டயும் வைங்க. ஆஸ்பத்திரியில சேத்த உடனே அந்த நம்பருக்கு அடிக்கணும். நாமளா ஜெட் பிடிச்சுட்டு பில்ல அனுப்பினா கட்ட மாட்டாங்க, முன் ஒப்புதல் இல்லைன்னு திருப்பிடுவாங்க.

நலநிதி_செயலாளர்

குழுவுல வைக்கிறேன். முதல் கேஸுக்கு சந்தா வேணாம். சபாவுல இருக்குற பிள்ளைங்களுக்குத் தோட்டக் கம்பெனியோட மருத்துவ அட்டையில விமான மாற்றம் இருக்கான்னு கேட்டு எழுதுறோம். ஊருக்குப் போறவங்களுக்கு நலநிதியில இருந்து பிரயாண இன்சூரன்ஸுக்குப் பாதிப் பணம். சிஸ்டர், அந்த ஆக்சிஜன் கணக்கையும் பேப்பர் பட்டியலையும் ஒரு பக்கத்துல போட்டுத் தர முடியுமா? டிஸ்பென்சரி கதவுல ஒட்டிடலாம்.

ஐசியு_சிஸ்டர்

தரேன். ஆக்சிஜன் கணக்க டிஸ்பென்சரியில வைங்க, எச்ஏ (மருத்துவ உதவியாளர்) அண்ணனுக்கு அது ரோட்டு ஆம்புலன்ஸுக்கும் உதவும். பேப்பர் பட்டியல கோயில் ஆபீஸ்ல ஒட்டுங்க, ஊருக்குப் போறவங்க பேர் குடுக்க அங்கதான் வருவாங்க.